கிட்டார் ஆம்ப்பின் வால்வுகளை எப்போது மாற்ற வேண்டும்?

வானொலிப் பெட்டியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வால்வுகள் விடைபெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டபோதிலும், கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் அவை இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அளவுக்கு மீறி விரட்டும்போது அவை தரும் கரகரப்பான, ஆனால் காதை உறுத்தாத ஒலியை விட்டுக்கொடுக்கக் கிட்டார் வாசிப்பவர்களில் பலருக்கு மனமில்லை. ஆனால் வால்வு தேய்ந்துபோகும் பொருள். அதை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். அந்த ‘அவ்வப்போது’ எப்போது என்பதுதான் புதிதாக வால்வு ஆம்ப் வாங்கியவரைக் குழப்பும் கேள்வி.

ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கெட்டுப்போகும் வரை தொடவே வேண்டாம் என்று வேறு சிலர் சொல்வார்கள். ஆம்ப்பில் உள்ள வால்வுகள் எல்லாம் ஒன்றுபோலவே உழைப்பவை என்று இரு தரப்பாரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரே ஆம்ப்பில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டில் இருக்கும் இரண்டு வால்வுகளின் ஆயுளில் பல மடங்கு வேறுபாடு இருக்கக்கூடும். எந்த வால்வு எந்த வேலையைச் செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எது முதலில் தளரும், தளர்ந்தால் ஒலியில் அது எப்படி வெளிப்படும் என்பதைப் பெருமளவு நாமே ஊகித்துவிடலாம்.

தேய்வது எது?

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குப்பி. அதன் நடுவில் கேத்தோடு என்னும் மெல்லிய உலோகக் குழாய் நிற்கிறது; குழாய்க்குள் இருக்கும் ஹீட்டர் இழை, பெரும்பாலான கிட்டார் ஆம்ப்களில் 6.3 வோல்ட்டில் எரிந்து, அதைச் சூடாக்குகிறது. கேத்தோடின் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகளைப் பூசியிருப்பார்கள். சூடேறியதும் அந்தப் பூச்சு எலக்ட்ரான்களை வெளிவிடும். சுற்றிலும் உள்ள பிளேட் என்னும் தகட்டில் பல நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் இருப்பதால் எலக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் இடையில் கிரிட் என்னும் நுண்கம்பிச் சுருள் இருக்கிறது. கிட்டாரிலிருந்து வரும் சிறிய சிக்னல் கிரிட்டில் ஏறி இறங்கும்போது, பிளேட்டுக்குப் போகும் மின்னோட்டமும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய ஆடியனிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான்.

இந்த அமைப்பு மூன்று வழிகளில் கெடலாம். கேத்தோடின் பூச்சு நாளடைவில் வலுவிழந்து, எலக்ட்ரான்களை வெளிவிடும் திறன் குறையலாம். அப்போது ஒலி சோர்ந்துபோகும். உலோகப் பாகங்களிலிருந்து கசியும் வாயுவாலோ கண்ணாடியில் விழும் நுண்ணிய விரிசலாலோ வெற்றிடம் கெடலாம். அப்போது வால்வு கட்டுப்பாட்டை இழக்கும். சூடேறி ஆறிச் சூடேறி ஆறி, ஸ்பீக்கரின் அதிர்விலும் மாட்டி, உள்ளே உள்ள பாகங்கள் தளர்ந்துபோகலாம். அப்போது தேவையற்ற சத்தங்கள் வரும். கீழே சொல்லப்போகும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்து பிறப்பவையே.

ஆம்ப்பின் பின்புறம் பார்த்தால் சிறிய வால்வுகள் சிலவும் பெரிய வால்வுகள் சிலவும் தெரியும். சிறியவை ப்ரீஆம்ப் வால்வுகள். அவற்றில் மிகப் பரவலானது 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் இசிசி83. கிட்டாரின் மெலிந்த சிக்னலைப் படிப்படியாக வளர்ப்பதும் டோன் அமைப்புகளுக்குத் தேவையான வலுவைத் தருவதும் இவற்றின் வேலை. இவற்றில் ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் அளவிலேயே இருக்கும். பெரியவை, ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலைத் தரும் பவர் வால்வுகள். இஎல்34, 6எல்6, 6வி6 ஆகியவை இந்த வகை. இஎல்84 உருவத்தில் சிறியதாக இருந்தாலும் அதுவும் பவர் வால்வுதான். கிட்டாரைத் தொடாமல் ஆம்ப் சும்மா இருக்கும்போதே ஒரு பவர் வால்வில் 30, 40 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். ஓங்கி வாசிக்கும் கணங்களில் அது 100ஐயும் தாண்டும். ஆகவே பவர் வால்வு முதலில் தேய்வதில் வியப்பில்லை. சில ஆம்ப்களில் ஜிஇசட்34 போன்ற ரெக்டிஃபையர் வால்வு ஒன்றும் இருக்கும்; அது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுகிறது.

பவர் வால்வுகளுக்கு 1,000 முதல் 2,000 மணி நேரம், ப்ரீஆம்ப் வால்வுகளுக்கு அதைப்போலப் பல மடங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வாரத்தில் பல நாள் மேடையில் முழு ஒலியில் வாசிப்பவருக்கு முதல் எண் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். வீட்டில் மாலையில் அரை மணி நேரம் மெல்ல வாசிப்பவருக்கு ஐந்தாறு ஆண்டுகளிலும் வராமல் போகலாம். ஆம்ப்பின் வடிவமைப்பும் இதில் சேரும். வாக்ஸ் ஏசி30 போன்ற ஆம்ப்கள் தமது இஎல்84 வால்வுகளை எப்போதும் எல்லைக்கு அருகிலேயே ஓட்டுவதால், அங்கே வால்வுகள் விரைவில் களைத்துவிடுகின்றன. ஆகையால் நாட்காட்டியை நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம்; தீர்ப்பைக் காதும் கண்ணும்தான் சொல்ல வேண்டும்.

பவர் வால்வுகள் தளரும்போது

பவர் வால்வின் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பதில் உள்ள பெரிய தொல்லை, அது மெதுவாக நடப்பது. ஒலியின் உயர் பகுதியில் இருந்த பளிச்சென்ற தெளிவு மங்கும். கீழ்க்கம்பிகளை அடிக்கும்போது வரும் இறுக்கமான குத்து போய், தொளதொளப்பு வந்துவிடும். முன்பு வால்யூமை 4இல் வைத்தால் கிடைத்த ஒலிக்கு இப்போது 5, 6 தேவைப்படும். மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் வேறுபாடு குறைந்து, ஆம்ப் நம் விரல்களுக்குப் பதில் சொல்லாதது போலத் தோன்றும். இவையெல்லாம் ஒரே நாளில் நடந்தால் உடனே பிடிபட்டுவிடும். மாதக்கணக்கில் நடப்பதால் காது பழகிப்போய், குறை ஆம்ப்பில் இருப்பதை உணராமல் டிரெபிள் குமிழைச் சிறிது சிறிதாகத் திருகிக்கொண்டே போகிறோம்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. புதிய வால்வுகள் போட்டுச் சில நாட்கள் ஆனதும், குமிழ்களின் நிலையைக் குறித்துக்கொண்டு, அதே கிட்டாரில் சில கோர்டுகளையும் ஒரு தனிவரியையும் வாசித்துப் பதிவுசெய்து வைக்க வேண்டும். கைப்பேசிப் பதிவே போதும். ஆனால் கைப்பேசியை எந்த இடத்தில், எவ்வளவு தூரத்தில் வைத்தோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு கழித்து அதே அமைப்பில் மீண்டும் பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நினைவை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. விலையுயர்ந்த சோதனைக் கருவிகளைவிட இந்தப் பதிவு ஒரு தொடக்கக்காரருக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து. கிட்டாரின் கம்பிகள் இரண்டு முறையும் புதியவையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. பழைய கம்பியின் மந்தமான ஒலியை வால்வின் மேல் ஏற்றிச் சொல்வது மிக எளிது.

திடீரென்று நடப்பவை வேறு வகை. பெரும்பாலான ஆம்ப்களில் பவர் வால்வுகள் இரண்டிரண்டாக, புஷ்-புல் முறையில் வேலை செய்கின்றன. ஒலி அலையின் ஒரு பாதியை ஒன்றும் மறுபாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. இரண்டில் ஒன்று முற்றிலும் நின்றுவிட்டால், ஒலி சட்டென்று குன்றி, குறைந்த வால்யூமிலேயே அருவருப்பான கரகரப்பு வரும். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் தளர்ந்திருந்தால் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் கூடும். சமமாக இருக்கும்வரை இரு பக்கமும் ஒன்றையொன்று ரத்துசெய்துகொண்டிருந்த இரைச்சல் அப்போது வெளியே வந்துவிடுகிறது. ஆம்ப்பைப் போட்டதும் பியூஸ் போனால், பவர் வால்வோ ரெக்டிஃபையர் வால்வோ உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். அப்போது அதே அளவுள்ள பியூஸை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய பியூஸைப் போட்டால், அடுத்துப் போவது டிரான்ஸ்பார்மராக இருக்கும்.

கண்ணால் பார்க்கக்கூடிய அறிகுறிகளில் மிக ஆபத்தானது பிளேட் சிவப்பது. விளக்கை அணைத்துவிட்டு ஆம்ப்பின் பின்னால் பார்த்தால், ஒவ்வொரு வால்வின் நடுவிலும் மேலும் கீழுமாக ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் தெரியும், அது இயல்பானது. ஆனால் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய வெளித்தகடே உலைக்கரி போலச் சிவந்து ஒளிர்ந்தால், அந்த வால்வில் அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். பாட்டு முடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆம்ப்பை நிறுத்த வேண்டும். இதற்கு வால்வு காரணமாக இருக்கலாம். மின்னோட்டத்தை அடக்கிவைக்கக் கிரிட்டுக்குத் தரப்படும் பயஸ் என்னும் எதிர்மின்னழுத்தம் கிடைக்காமல் போயிருப்பதும், வால்வுக்கு முன்னால் சிக்னலை மட்டும் கடத்திவிடும் கப்ளிங் கெபாசிட்டர் கசிவதும் காரணமாக இருக்கலாம். புதிய வால்வைப் போட்டும் அதே சாக்கெட்டில் மீண்டும் சிவந்தால் குறை ஆம்ப்பில்தான் இருக்கிறது. அதற்கு மேல் வால்வுகளைப் பலிகொடுப்பதில் பயனில்லை.

நீல ஒளியைப் பார்த்துப் பதறுபவர்கள் பலர். கண்ணாடியின் உட்பரப்பில் ஒட்டினாற்போல் தெரியும் கருநீல ஒளி, தப்பிய எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது, வாசிக்கும்போது அது கூடிக் குறைவதும் உண்டு, அதனால் கேடில்லை. பாகங்களுக்கு இடையே உள்ள வெளியில் ஊதா அல்லது இளஞ்சிவப்பு மூட்டம் பரவினால் அது வேறு செய்தி: உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, வால்வு நெடுநாள் தாங்காது. வால்வின் உச்சியிலோ பக்கத்திலோ கண்ணாடி மேல் தெரியும் வெள்ளிப் பூச்சையும் கவனிக்க வேண்டும். கெட்டர் எனப்படும் அது பெரும்பாலும் பேரியம்; உள்ளே மிஞ்சும் வாயுவை உறிஞ்சிக்கொள்வதற்காகவே அங்கே படியவைக்கப்பட்டது. அந்த வெள்ளி, பால் போல வெளுத்துவிட்டால் காற்று உள்ளே புகுந்துவிட்டது. அந்த வால்வுக்கு இனி வாழ்வில்லை. ஓரங்களில் சற்றுப் பழுப்பேறுவது மட்டும் இயல்பானதே.

ப்ரீஆம்ப் வால்வுகள்: தேய்வதைவிடச் சத்தம் போடுவது அதிகம்

ப்ரீஆம்ப் வால்வுகளைக் காலக்கெடு வைத்து மாற்றுவதற்கு நியாயமே இல்லை என்று சொல்வேன். நன்றாக ஓடும் 12ஏஎக்ஸ்7 பத்தாண்டுகளையும் தாண்டி ஓடுவது அரிதல்ல. அவை போகும்போது பெரும்பாலும் சத்தத்தால்தான் தெரிவிக்கின்றன: பொரிவது போன்ற படபடப்பு, திடீரென்று கூடும் ‘ஸ்ஸ்’ இரைச்சல், ஒலி விட்டுவிட்டு வருவது, குறிப்பிட்ட சுரத்தை வாசிக்கும்போது மட்டும் எழும் கிணுகிணுப்பு. கடைசியாகச் சொன்னது மைக்ரோஃபோனிக் என்னும் குறை. தளர்ந்த கிரிட் அதிரும்போது அந்த அதிர்வே சிக்னலாக மாறிவிடுவதால், வால்வு ஒரு மைக்கைப் போல நடந்துகொள்கிறது. முற்றினால் கிட்டாரைத் தொடாமலே கீச்சென்று ஊளையிடும். ஸ்பீக்கரும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ ஆம்ப்களில் இது அதிகம் தலைகாட்டும்.

சோதிக்கும் முறை எளிது. கிட்டாரின் கேபிளைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பாதியளவில் வைத்து, பென்சிலின் மரமுனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்ட வேண்டும். உள்ளீட்டுக்கு மிக அருகில் உள்ள முதல் வால்வில் லேசான ‘டொக்’ கேட்பது இயல்பு. அதன் ஒலியைப் பின்னால் வரும் எல்லாக் கட்டங்களும் பெருக்குகின்றன. தட்டிய பிறகும் மணி போல நீளும் ஒலியோ படபடப்போ வந்தால் குற்றவாளி சிக்கிவிட்டது. தட்டியும் தெரியாவிட்டால், நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு 12ஏஎக்ஸ்7ஐக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வால்விலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். குறை தீராவிட்டால் பழையதை அதே இடத்தில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் ஆம்ப்பை அணைத்து ஆற விடுவது கட்டாயம். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

ப்ரீஆம்ப் வரிசையில், பவர் வால்வுகளுக்கு அருகில் உள்ள கடைசி வால்வு பெரும்பாலும் ஃபேஸ் இன்வெர்ட்டராக இருக்கும். புஷ்-புல்லின் இரு பக்கத்துக்கும் எதிரெதிர் சிக்னலைப் பிரித்துத் தருவது அதுதான். மற்றவற்றைவிட அதிகம் உழைக்கும் அதைப் பவர் வால்வுகளை மாற்றும் இரண்டாவது, மூன்றாவது முறையில் சேர்த்து மாற்றலாம்.

வால்வு குற்றமற்றதாக இருக்கும் நேரங்கள்

வால்வுகளைத்தான் கையால் கழற்ற முடியும் என்பதால், ஆம்ப்பின் எல்லாப் பழியும் அவற்றின் மேலேயே விழுகிறது. முதலில் கேபிளையும் கிட்டாரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒலி குன்றுவதும் விட்டுவிட்டு வருவதும், எஃபெக்ட்ஸ் லூப் (வெளி எஃபெக்ட் கருவிகளை இடையில் இணைப்பதற்கான செண்ட், ரிட்டர்ன் என்னும் இரு ஜாக்குகள்) உள்ள ஆம்ப்களில், பெரும்பாலும் அந்த லூப்பின் ரிட்டர்ன் ஜாக்கினால்தான்: அதில் பிளக் செருகாதபோது சிக்னலைக் கடத்தும் சிறிய தொடுமுனை அழுக்கேறிவிடும். செண்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சிறு கேபிளைச் செருகியதும் ஒலி திரும்பிவிட்டால், வால்வு வாங்கும் செலவு மிச்சம். தொடர்ந்து கேட்கும் ரீங்காரத்துக்கு டிசி மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வயதாகிப்போனதும் காரணமாகலாம்; அந்த ரீங்காரம் மின்விநியோகத்தின் அலைவெண்ணைப்போல் இரு மடங்கில், அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமானால் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். பழைய ஆம்ப்களில் படபடப்பு பிளேட் ரெசிஸ்டரிலிருந்தும், தளர்ந்த சாக்கெட்டிலிருந்தும் வரும். அணைத்த ஆம்ப்பில் வால்வை ஓரிரு முறை கழற்றி மாட்டினாலே படபடப்பு நின்றுவிட்டால், அழுக்கு பின்களில்தான் இருந்தது.

மாற்ற முடிவெடுத்த பிறகு

பவர் வால்வுகளை ஒன்றை மட்டும் மாற்றாமல், முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும். ஒரே மின்னழுத்தத்தில் ஏறத்தாழ ஒரே மின்னோட்டத்தை எடுக்கும்படி சோதித்து இணையாக விற்கப்படும் வால்வுகளையே வாங்க வேண்டும். ப்ரீஆம்ப் வால்வுகளுக்கு இந்த இணைப்பொருத்தம் தேவையில்லை.

அடுத்தது பயஸ். சும்மா இருக்கும்போது பவர் வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. கேத்தோடு பயஸ் முறையில் அமைந்த ஆம்ப்களில் ஒரு ரெசிஸ்டர் இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். அதே வகைப் புதிய வால்வைப் போட்டு வாசிக்கத் தொடங்கிவிடலாம். ‘ஃபிக்ஸ்டு பயஸ்’ என்று அழைக்கப்படும் ஆம்ப்களில்தான், பெயருக்கு மாறாக, ஒவ்வொரு முறையும் அளந்து திருத்த வேண்டும். திருத்தும் வசதி இல்லாதவற்றில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வரம்புக்குள் உள்ள வால்வுகளை வாங்க வேண்டும். கணக்கு கடினமானதல்ல. இஎல்34இன் பிளேட் தாங்கக்கூடிய உச்ச வெப்பம் 25 வாட். ஏபி வகை ஆம்ப்பில் (மெல்லிய ஒலியில் புஷ்-புல்லின் இரு பக்கமும் சேர்ந்தும், ஓங்கிய ஒலியில் மாறிமாறியும் உழைக்கும் வகை) அதன் 70 சதவீதத்தை மேல் எல்லையாக வைப்பது வழக்கம், அது 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 17.5ஐ 450ஆல் வகுக்க, ஏறத்தாழ 39 மில்லி ஆம்பியர் வரும். அதற்குச் சற்றுக் குறைவாக வைத்தால் வால்வு நெடுநாள் உழைக்கும்; மிகவும் குறைத்தால் ஒலி வறண்டுபோகும்.

கணக்கு எளிது என்பதால் அளப்பதும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. ஆம்ப்பின் உள்ளே 400, 500 வோல்ட் இருக்கிறது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து வால்வைக் கழற்றி மாட்டுவதை யாரும் செய்யலாம். பெட்டியின் அடித்தகட்டைத் திறக்க வேண்டிய வேலையை, அந்த மின்னூட்டத்தை வெளியேற்றத் தெரிந்த தொழில்நுட்பரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை. ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்பை ஓட்டிச் சோதிக்கவும் கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும்.

கழற்றும்போது வால்வு முழுதும் ஆறியிருக்க வேண்டும். ப்ரீஆம்ப் வால்வின் மேல் உலோக உறை இருந்தால், அதைக் கீழே அழுத்திச் சற்றுத் திருகினால் கழன்றுவரும். வால்வின் அடிப்பகுதியைப் பிடித்து, மெல்ல அசைத்தபடி நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் பின் வளையும், கண்ணாடி விரியும். ஒன்பது பின் வால்வில் முதல் பின்னுக்கும் ஒன்பதாவதற்கும் இடையே உள்ள அகன்ற இடைவெளி மாட்டும் திசையைக் காட்டும். எட்டு பின் வால்வின் நடுவில் அதற்கென்றே ஒரு சாவித் தண்டு உண்டு. அது உடைந்த வால்வு தவறான திசையிலும் உள்ளே போய்விடும் என்பதால் அதைப் பயன்படுத்தவே கூடாது. பின்கள் பொருந்துகின்றன என்பதற்காக 6எல்6 இருந்த இடத்தில் இஎல்34ஐப் போடுவதும் தவறு: 6எல்6இன் ஹீட்டர் 0.9 ஆம்பியர் எடுக்கும், இஎல்34இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் எடுக்கும். அந்தச் சுமையைத் தாங்கும்படி டிரான்ஸ்பார்மர் அமைந்திருக்க வேண்டும்.

புதிய வால்வுகளில் குறையுள்ளவை முதல் சில மணி நேரங்களிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே கச்சேரிக்கு முந்தைய நாள் மாற்றிவிட்டு நேராக மேடையேறாமல், ஒரு வாரமாவது வீட்டில் வாசித்துப் பார்த்து, பயஸையும் மறுமுறை சரிபார்க்கச் சொல்வது நல்லது. தளர்ந்ததால் மட்டும் கழற்றிய பழைய தொகுதியை எறிய வேண்டாம். அவசரத்துக்கு ஒரு மாலையை ஓட்டிவிட அது போதும். கழற்றிய தேதியையும் காரணத்தையும் அட்டைப் பெட்டியின் மேல் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் இழுப்பறையில் கிடக்கும் வால்வு நல்லதா, ஷார்ட் ஆனதா என்று பார்த்தால் தெரியாது. அவசரத்தில் அதை எடுத்து மாட்டுபவருக்குப் பியூஸ் போன பிறகுதான் தெரியவரும்.